விற்பனைக்கு: ஆறு வந்து போகும் வீடு

எங்கள் வீட்டைப் பற்றி வீட்டு புரோக்கர் எழுதியிருந்த விளம்பரத்தைப் படித்ததும், நானே அதை வாங்கிவிடலாமா என்று தோன்றியது.

'நூற்றாண்டு கண்ட கம்பீர மாளிகை. தேக்கு மரப் படிகள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். ஆற்றை ஒட்டிய பரந்த புல்வெளி, சொந்தப் படித்துறை, படகுக் கொட்டகை. ஜன்னலைத் திறந்தால் ஆறு!'

கடைசி வாக்கியத்தில் மட்டும் ஒரு சின்னத் தவறு. ஜன்னலைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாலும் ஆறு உள்ளே வரும்.

வருஷா வருஷம் வராது. அப்படி வந்தாலாவது பழகிப்போயிருக்கும். இரண்டு மழைக்காலம் எட்டிக்கூடப் பார்க்காது. 'பரவாயில்லை, ஆறு திருந்திவிட்டது' என்று நம்பி நாம் ஒரு புதுக் கம்பளம் வாங்குவோம். அந்த வருஷம் வரும்.

இதற்காக அப்பா ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். அவர் காலத்தில் வந்த பெரிய வெள்ளம் வடிந்ததும், சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தில், கூடத்திலிருந்து சமையலறை வரை, நீல பெயின்டால் ஒரு கோடு இழுத்தார். என் தோள் உயரம் இருக்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே மதிப்புள்ள எதுவும் இருக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் எங்கள் வீட்டில் ஸ்விட்ச் போட வேண்டுமென்றால் வகுப்பில் கேள்வி கேட்கும் பிள்ளையைப் போலக் கையைத் தூக்க வேண்டும். ஃபிரிட்ஜ் சிமென்ட் மேடையில் சிலை மாதிரி நிற்கும். ஐஸ் எடுக்க முக்காலி போட்டு ஏற வேண்டும். புத்தக அலமாரியில் கீழ்த்தட்டு இரண்டும் காலி, அல்லது அப்பாவுக்குப் பிடிக்காத உறவினர்கள் பரிசளித்த புத்தகங்கள். கூடத்தின் உத்தரத்தில் இரும்புக் கப்பிகள். மழை வலுத்தால் சாப்பாட்டு மேஜை, சோபா எல்லாவற்றையும் கயிறு கட்டி மேலே ஏற்றிவிட வேண்டும். ஒரு சோபாவைத் தனி ஆளாக உத்தரம் வரை இழுத்துக் கட்ட எனக்குத் தெரியும். நாற்பத்தாறு வயதில் ஒரு பெண்ணுக்கு இருக்க வேண்டிய திறமைதான்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அண்ணன் தலைநகரத்தில் பெரிய கம்பெனியில் பெரிய மேனேஜர். தங்கை இன்னொரு நகரத்தில். அவள் கணவருக்குக் கப்பலில் வேலை. தண்ணீரைப் பற்றி எங்கள் குடும்பத்தில் உருப்படியாகத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். அதனால்தானோ என்னவோ, மழைக்காலத்தில் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை. நான் டவுனில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் மாளிகைக்குச் சேறு வாரிக்கொண்டிருந்தேன். "வீட்டை அவ பார்த்துக்கறா" என்று இருவரும் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். எனக்குச் சொந்தமாக ஒரு வேலை இருப்பது அவர்களுக்கு அவ்வப்போது மறந்துபோகும்.

மருந்துக் கடைக்காரரை நான் சந்தித்ததும் இந்த ஆற்றின் தயவால்தான். மற்றவர்கள் காதலை மலர்ச்செண்டோடு தொடங்குவார்கள். நான் சேற்றுப்புண் களிம்போடு தொடங்கினேன்.

"வயல் வேலைங்களா?" என்று கேட்டார் அவர், களிம்பை எடுத்து வைத்தபடி.

"இல்லைங்க. மாளிகை."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் காலைப் பார்த்தார். "விரல் இடுக்குல போடுங்க. ரெண்டு வேளை. தண்ணில மட்டும் நிக்காதீங்க" என்றார். அதற்குத்தான் நான் சிரித்தேன். அடுத்த மழைக்கு நான் போனபோது, கேட்கும் முன்பே களிம்பு மேஜைமேல் இருந்தது. அதற்கடுத்து, மழையே இல்லாத ஒரு மாதத்தில் நான் களிம்பு வாங்கப் போனேன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை.

அவர் மனைவியை இழந்து பல வருஷமாகியிருந்தது. ஒருநாள் கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே, "என் வீடு மூணாவது மாடி" என்றார்.

அதைவிட அழகான வாக்கியத்தை எந்த ஆணும் எந்தப் பெண்ணிடமும் சொல்லியிருக்க முடியாது. எனக்குக் காதுமடல் சூடானது.

"லிஃப்ட் இருக்கு. ஆனா ஓடாது" என்றார், நேர்மையாக.

"வீட்டை வித்ததும் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டேன். மூன்று பேருக்கும் பொதுவான வீடு. காலியாகப் போட்டால் ஒரே மழையில் நாறிவிடும். யாராவது இருக்க வேண்டும் அல்லவா? அந்த யாராவது எப்போதும் நானாக இருப்பது ஏன் என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்று மழைக்காலம் ஓடிவிட்டது. இந்த வருஷம் கோடை முடியும்போது அவர் சொன்னார்: "எங்க அக்கா மகன் இந்தக் கடையை எடுத்துக்கறேங்கறான். அக்காவும் அவங்க ஊருக்கே வந்துடுன்னு கூப்பிடறாங்க. மழைக்கு முன்னாடி எனக்கு ஒரு பதில் சொல்லிடுங்க. ஆத்துகிட்டயெல்லாம் சம்மதம் கேட்டுக்கிட்டு நிக்க எனக்கு வயசில்ல."

குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அன்று இரவே அண்ணனுக்குப் போன் போட்டேன். அண்ணன் புரோக்கரைப் பிடித்தார். புரோக்கர் அந்த விளம்பரத்தைப் பிடித்தார்.

புரோக்கர் சாதாரணமாகப் பேசினாலே விளம்பரம் மாதிரி இருக்கும். சமையலறைக் கூரை ஒழுகிய இடத்தைக் காட்டினால், "இயற்கை வெளிச்சம்" என்பார். படகுக் கொட்டகையில் படகு இல்லையே என்றால், "விசாலமா இருக்கு பாருங்க" என்பார்.

முதலில் வந்தவர்கள் பாங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும். அவர் தூண்களைத் தட்டிப் பார்த்தார், படிகளை மிதித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஏம்மா, தண்ணி உள்ள வருமா?"

புரோக்கருக்கு அந்த நொடியில் பலமான இருமல் வந்தது.

"வரும்" என்றேன்.

"எது வரைக்கும்?"

நீலக் கோட்டைக் காட்டினேன். அந்த அம்மாள் கோட்டின் பக்கத்தில் போய் நின்று அளந்து பார்த்தார். அவருக்கு அது மூக்குக்கு வந்தது. கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தபடி வாசலுக்குப் போய்விட்டார்.

"ரொம்ப நேர்மையான குடும்பம்" என்றார் பாங்கிக்காரர், கார்க் கதவைச் சாத்திக்கொண்டே. மனிதர்கள் நம்மை அப்படிப் பாராட்டினால், திரும்பி வர மாட்டார்கள் என்று அர்த்தம்.

அடுத்த வாரமே அண்ணன், அண்ணி, தங்கை மூவரும் பெட்டியோடு வந்து இறங்கினார்கள்.

"உனக்கு விக்கத் தெரியலம்மா" என்றார் அண்ணன். "இதெல்லாம் ஒரு கலை. கேட்டவுடனே வருதுன்னு சொல்லிடறதா?"

"வருதே அண்ணா."

"வருது. ஆனா போயிடுது இல்ல? போறதைப் பத்தி முதல்ல சொல்லணும்."

"சொல்லாம விக்கறது தப்பு."

"யாரு சொல்லாம விக்கச் சொன்னா? பத்திரம் போடற அன்னிக்குச் சொல்லுவோம். முதல்ல அவங்க வீட்டைக் காதலிக்கட்டும்."

தங்கை என் தோளில் கை போட்டாள். "நீ டீ மட்டும் போடு அக்கா. பேசறதை நாங்க பாத்துக்கறோம்."

பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் பெயின்டரைக் கூட்டிவந்து அப்பாவின் கோட்டை அழித்தார். எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து ஸ்விட்சுகளையும் பிளக்குகளையும் 'மனுஷங்க உயரத்துக்கு' இறக்கினார். மெயின் ஸ்விட்சை இறக்க மட்டும் அந்த ஆளுக்கு நேரமில்லாமல் போயிற்று. ஃபிரிட்ஜ் மேடையிலிருந்து தரைக்கு வந்தது. கப்பிகளிலிருந்து கயிறுகளைக் கழற்றிவிட்டு, தங்கை பூத்தொட்டிகளைத் தொங்கவிட்டாள். அலமாரியின் கீழ்த்தட்டில் அப்பாவின் நல்ல புத்தகங்கள் இறங்கி, உறவினர்களின் புத்தகங்கள் மேலே ஏறின. கடைசியாக ஒரு புதுக் கம்பளம் வந்தது. அதைப் பார்த்ததும் நான் வெளியே போய் வானத்தைப் பார்த்தேன்.

"இப்பத்தான் வீடு வீடு மாதிரி இருக்கு" என்றார் அண்ணன், இடுப்பில் கை வைத்து.

அண்ணி மட்டும் என் காதருகே வந்து, "அந்தக் கயிறெல்லாம் எங்க போட்டாங்கம்மா?" என்று கேட்டார். படகுக் கொட்டகையில் என்றேன். "ஞாபகம் வச்சுக்கறேன்" என்றார். எங்கள் வீட்டில் பிறக்காததால் அவருக்குக் கொஞ்சம் புத்தி இருந்தது.

இரண்டாவதாக வந்தவர் ஓட்டல்காரர். மனைவியோடு பெரிய காரில் வந்தார். மனிதர் எதையும் கேட்கவில்லை, எல்லாவற்றையும் ரசித்தார். வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் கம்பளத்தில் விழுந்ததைப் பார்த்து மனைவியிடம், "இங்க வரவேற்பறை" என்றார். புல்வெளியில் நின்று, "இங்க மேஜைகள்" என்றார். படித்துறையைப் பார்த்ததும் அவர் மனைவி, "காலைல இங்க உக்காந்து காபி குடிச்சா எப்படி இருக்கும்!" என்றார். புரோக்கர் உச்சி குளிர்ந்து, என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். என் மனசும் முதல் மாடி, இரண்டாவது மாடி, மூன்றாவது மாடி என்று படியேறத் தொடங்கிவிட்டது. பத்திரத்துக்கு முன்னால் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, அவர்களுக்கு அப்போதும் பிடித்திருந்தால் கொடுப்பது என்று டீயைக் கலக்கியபடி முடிவு செய்துகொண்டேன்.

நான் தட்டோடு கூடத்துக்கு வரும்போது, ஓட்டல்காரர் சோபாவில் சாய்ந்துகொண்டு, ரொம்ப நல்ல எண்ணத்தோடு ஒரு வார்த்தை சொன்னார்.

"சின்ன வயசுல நீங்கள்லாம் இந்த வீட்ல ரொம்ப சந்தோஷமா இருந்திருப்பீங்க."

அவ்வளவுதான். தங்கைக்கு முகம் மலர்ந்தது.

"ஐயோ, கேக்காதீங்க! இந்தப் படியில உக்காந்து தூண்டில் போட்டு மீன் பிடிச்சிருக்கேன் நான்!"

"படித்துறையிலயா?"

"இல்ல இல்ல. இதோ, இந்த மாடிப்படியில."

ஓட்டல்காரர் மாடிப்படியைப் பார்த்தார். அண்ணன் இந்த இடத்தில் பேச்சை மாற்றியிருக்க வேண்டும். ஒரு பெரிய கம்பெனியின் மேனேஜர். எத்தனையோ பேரங்களை முடித்தவர். ஆனால் தங்கை பிடித்த மீனைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் மேனேஜர் இல்லை, பத்து வயதுப் பையன்.

"அதெல்லாம் மீனா? சுண்டு விரல் அளவு" என்றார். "நான் ஓட்டின படகைப் பத்திச் சொல்லு அவருக்கு."

"படகா அது? குளியலறைக் கதவு!"

"கதவைக் கழட்டி நானே செஞ்ச தோணி சார். இதோ, இங்கேருந்து தள்ளுனா நேரா சாப்பாட்டு அறை. அங்க ஒரு திருப்பு. சமையலறையில அம்மா இடுப்பளவு தண்ணில நிப்பாங்க, அவங்களைச் சுத்தி ஒரு ரவுண்டு!"

"மூணு ரவுண்டு அண்ணா. அப்புறம் பீரோவுல முட்டிக் கவுந்தே."

"கவுந்தெல்லாம் போகல. நானா குதிச்சேன்."

புரோக்கர் அண்ணனின் முழங்காலை அழுத்தினார். அண்ணன் அந்தக் கையைத் தட்டிவிட்டார். இருவருக்கும் கண் பளபளத்தது. எந்த வருஷம் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று சண்டை நடந்தது. பாம்பு வந்தது ஒரு தடவையா இரண்டு தடவையா என்று நடந்தது. நடுவில் ஓட்டல்காரரின் மனைவி, கம்பளத்தின் மேலிருந்த தன் கால்களை மெல்லத் தூக்கி, சோபாவின் மேல் வைத்துக்கொண்டார்.

டீ குடிக்காமலே போனார்கள். புரோக்கர் பின்னாலேயே ஓடினார். நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன். இவ்வளவு முழுமையாக நானே உண்மையைச் சொல்லியிருக்க முடியாது.

சரி, இப்போது இரண்டு பேரும் தலையில் அடித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். தங்கை விசும்பினாள்.

"இப்படிப்பட்ட வீட்டைப் போய் விக்கறதா அண்ணா?"

அண்ணன் தூணைத் தடவினார். நேற்று அடித்த பெயின்ட் அவர் கையில் ஒட்டியது. "நம்ம உசுரே இங்கதான்டா இருக்கு."

"விக்க வேணாம் அண்ணா."

"விக்கல. யாருக்கும் கொடுக்கல. முடிவு."

"அப்ப வீட்டை யாரு பார்த்துக்கறது?" என்று கேட்டேன்.

அண்ணன் அன்போடு, உண்மையான அன்போடு, என்னைப் பார்த்தார்.

"நீதான் இருக்கியே."

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். சின்ன வயதில், வெள்ளம் வரும்போதெல்லாம் அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளை மாடிக்கு ஏற்றிவிடுவார்கள். அண்ணன் ஆண்பிள்ளை, தங்கை குழந்தை. நடுவில் இருந்த எனக்குத்தான் துடைப்பம். தண்ணீர் ஏறும்போது அவர்கள் தூண்டில் போட்டார்கள். இறங்கும்போது நானும் அம்மாவும் சேறு தள்ளினோம். ஒரே ஆறு, ஒரே வீடு. அவர்களுக்கு அதன் முதல் பாதி மட்டும்தான் தெரியும்.

தட்டை மேஜைமேல் வைத்தேன். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

"விக்க வேணாம்னா வேணாம். நீங்களே வச்சுக்குங்க. நான் போறேன்."

"எங்க போற?" என்றாள் தங்கை.

"மூணாவது மாடிக்கு."

அண்ணன் விழித்தார். அண்ணிதான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "யாரு, களிம்பா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணி?"

"மழையில்லாத மாசத்துலயும் உன் அலமாரியில புதுக் களிம்பு இருக்கேம்மா. எண்ணிப் பார்க்கறதைத் தவிர வேற வேலை என்ன எனக்கு இங்க?"

அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார். மனிதர் எப்படி, குடும்பம் எப்படி என்றெல்லாம் கேட்பார் என்று நினைத்தேன். "அப்ப வீடு?" என்றார்.

நான் மாடிக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினேன்.

மறுநாள் மருந்துக் கடைக்குப் போனேன். கல்லாவில் அவருடைய அக்கா மகன் உட்கார்ந்து பழகிக்கொண்டிருந்தான். அவர் உள்ளே பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"வீடு விக்கலை" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கையிலிருந்த பெட்டியை மெதுவாக அலமாரியில் வைத்தார். "ம். பரவால்ல" என்றார். குரல் அப்படிச் சொல்லவில்லை.

"அதுக்கும் எனக்கும் இனிமே சம்பந்தமில்ல. நான் வந்துட்டேன். பெட்டி வெளில ஆட்டோவுல இருக்கு."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். பிறகு அக்கா மகனைப் பார்த்து, "டேய், எந்திரி. கடையை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

பதிவு அலுவலகத்தில் எங்கள் கல்யாணத்துக்கு அண்ணன்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். போடும்போது கண் கலங்கினார். என்னைப் பிரிவதற்கா, துடைப்பத்தைப் பிரிவதற்கா என்று நான் ஆராயவில்லை. அவரும் தங்கையும் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு, மழைக்காலம் முழுக்க ஆற்றங்கரையிலேயே இருக்கப் போவதாக அறிவித்தார்கள்.

"கோட்டைத் திரும்ப வரைஞ்சுடு அண்ணா. ஃபிரிட்ஜை மேடையில ஏத்து. ஸ்விட்செல்லாம் பழையபடி..."

"ஏம்மா, நாங்க அந்த வீட்ல பொறந்து வளந்தவங்க. எங்களுக்கே சொல்லித்தர்றியா?"

மூன்றாவது மாடியைப் பற்றி நான் அதிகம் சொன்னால் திருஷ்டி பட்டுவிடும். இரண்டு அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஒரு பால்கனி. பிளக்குகள் முழங்கால் உயரத்தில் இருந்தன. முதல் வாரம் முழுவதும் நான் ஸ்விட்ச் போடக் கையைத் தூக்கி, வெறும் சுவரைத் தடவிக்கொண்டிருந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள், "வேணும்னா மேல மாத்திடலாமா?" என்று கேட்டார். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அப்போது சரியாகத் தெரிந்தது.

பிறகு மழை வந்தது.

முதல் போன் தங்கையிடமிருந்து. "அக்கா! தண்ணி படித்துறை வரைக்கும் வந்துருச்சு. என்ன அழகு தெரியுமா! படம் அனுப்பிருக்கேன் பாரு."

இரண்டாவது போனும் தங்கைதான். "புல்வெளி பாதி தெரியல அக்கா. வாத்து வந்து உக்காந்திருக்கு!"

மூன்றாவது அண்ணன். குரலில் மேனேஜர் வந்திருந்தார். "இந்த சோபாவை ஏத்தறதுக்கு ஏதோ முடிச்சுப் போடுவியே, அது எந்தப் பக்கமா?"

நான்காவது போனில் அண்ணன் கத்தினார். "ஃபிரிட்ஜ் மிதக்குதும்மா!"

"அண்ணா! மெயினை அணை. முதல்ல மெயினை அணை. அது ஒண்ணுதான் உயரத்துல இருக்கு. கையை நல்லாத் துடைச்சுக்க. படிமேல நின்னுக்கிட்டு, அங்கேருந்தே கையை நீட்டு."

"உங்க அண்ணி அப்பவே அணைச்சுட்டா" என்றார் அண்ணன். "கொட்டகையிலேருந்து முன்னாடியே எடுத்து வச்ச கயிறையெல்லாம் பொறுமையா பிரிச்சுக்கிட்டிருக்கா."

"எல்லாரும் மாடிக்குப் போங்க. சோபா கிடக்கட்டும்."

"கம்பளம் புதுசும்மா..."

"மாடிக்குப் போ அண்ணா!"

போனை வைத்தேன். யோசிக்காமலே போய் பரணிலிருந்து என் ரப்பர் பூட்ஸை இறக்கினேன். கல்யாணத்துக்குப் பெட்டி கட்டியபோது புடவைகளுக்கு முன்னால் அதைத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு காலை நுழைத்துவிட்டேன்.

அவர் கதவருகே வந்து நின்றார். போகாதே என்று சொல்லவில்லை. தன் குடையை எடுத்துக்கொண்டு, "போகணும்னா நானும் வர்றேன்" என்றார். "ஆனா ஒண்ணு கேக்கறேன். அவங்க ஆபத்துல இருக்காங்களா, இல்ல அசௌகரியத்துல இருக்காங்களா?"

ஒற்றைக் கால் பூட்ஸோடு நின்று யோசித்தேன். தண்ணீர் அப்பாவின் கோட்டைத் தாண்டியதே இல்லை. மாடிக்கு அது வந்ததே இல்லை. மாடியில் படுக்கை இருந்தது, குடிதண்ணீர் இருந்தது, பிஸ்கட் டின் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக அண்ணி இருந்தார். அங்கே இல்லாதது ஒன்றே ஒன்றுதான். சேறு வார ஆள்.

தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து, மாடியில் மூன்று பேர் இருக்கிறார்கள், ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். பிறகு உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினேன். சோபாவைத் தூக்கும்போதுகூட எனக்கு அப்படிக் கை வலித்ததில்லை.

அந்த ராத்திரி நானும் அவரும் தூங்கவில்லை. மணிக்கொருதரம் அண்ணிக்குப் போன் செய்தேன். "நல்லாத்தான் இருக்கோம்" என்றார் அவர். "உங்க அண்ணன் படியில உக்காந்திருக்கார். தூண்டில் வேணுமான்னு கேட்டேன். முறைக்கிறார்."

தண்ணீர் வடிந்த மறுநாள் மதியம் எங்கள் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். அண்ணன் மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்போடு, முழங்கால்வரை சேறாக நின்றார். பின்னால் தங்கை, கையில் ஒரு பூத்தொட்டி. கடைசியில் அண்ணி, தோளில் ஒரு கயிற்றுச் சுருள்.

"லிஃப்ட் ஓடல" என்றார் அண்ணன், மாளிகையே என்னால்தான் முழுகியதைப் போல.

உள்ளே வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். இரண்டு அறை வீடு அதற்குமேல் மூச்சு விடவில்லை. கம்பளம் எங்கே என்று நான் கேட்கவில்லை. எங்கேயோ கடலுக்குப் பக்கத்தில் இருக்கும். ஸ்விட்சுகளுக்குள் சேறு. உறவினர்கள் தந்த புத்தகங்கள் மேல்தட்டில் பத்திரமாக இருந்தன. தங்கை நேற்றிலிருந்து சேறு தள்ளியிருக்கிறாள். கையில் கொப்புளம்.

"தள்ளத் தள்ள வருது அக்கா" என்றாள் தணிந்த குரலில். "நாத்தம் வேற. நீ எப்படி..."

நான் அவளுக்குச் சூடாகத் தேநீர் கொடுத்தேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் தலையில் ஆற்றின் வாடை வந்தது. ஆனாலும் நான் நகரவில்லை.

அண்ணன் பால்கனிக்குப் போய் புரோக்கரைக் கூப்பிட்டார். உள்ளேயிருந்து எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"ஆமாங்க, விக்கறோம்... நிச்சயமா விக்கறோம்... என்னது? அதெல்லாம் எழுத வேணாம்ங்க. உள்ள வரும்னே போடுங்க. தோள் வரைக்கும்னு போடுங்க. தெரிஞ்சு வாங்கறவன் வாங்கட்டும். இயற்கை வெளிச்சமா? யோவ், வெச்சுடறேன்."

திரும்பி வந்து நாற்காலியில் சரிந்தார். காலைச் சொறிந்துகொண்டார். என் கணவர் அலமாரியைத் திறந்து, மூன்று களிம்பு டியூபுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"விரல் இடுக்குல. ரெண்டு வேளை" என்றார். "தண்ணில மட்டும் நிக்காதீங்க."

அண்ணன் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். எதையோ யோசித்தார். பிறகு அவர் பார்வை மெல்ல, பழைய வழக்கப்படி, என் பக்கம் வந்தது.

"விக்கறதுக்கு எப்படியும் ஒரு வருஷம் ஆகும்மா. அது வரைக்கும் அங்க யாராவது ஒருத்தர் இருக்கணுமே..."

அண்ணி கயிற்றுச் சுருளைத் தோளிலிருந்து எடுத்து, அவர் மடியில் வைத்தார்.

நான் அன்போடு, உண்மையான அன்போடு, அவரைப் பார்த்தேன்.

"நீதான் இருக்கியே அண்ணா."